நாலு தையல்

ஒன்பதாம் நாள் மத்தியானத்துக்கு மேல் தீர்சாவுக்குத் தன் வலது கை தன்னுடையதாகவே தோன்றவில்லை. அது பாட்டுக்கு மடியில் கிடந்தது, யாரோ வண்டியில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி. ஐந்து விரல், கட்டைவிரலுக்கு அடியில் சோப்புக் காய்ச்சும்போது சாம்பல் நீர் தெறித்த பழைய தழும்பு, நகக்கண்களில் சிவப்பு மண். இந்தக் கைக்கு நாளை மறுநாள் காலையில் ஒரு வேலை இருக்கிறது. தெற்கே புதிதாகக் கட்டி வெள்ளையடித்த ஆலயத்தில், துணி விரித்த மேடை ஒன்றின் முன்னால் மூன்று பேர் மண்டியிடப் போகிறார்கள். தீர்சா, அவள் கணவன் ஆசகேல், அவனுக்கு இரண்டாம் மனைவியாகப் போகிற மாரென். பெரியவர் ஒருவர் முதல் மனைவியைப் பார்த்துத்தான் முதலில் கேட்பார், இந்தப் பெண்ணை உன் கணவனுக்குக் கொடுக்கச் சம்மதமா என்று. வாயால் பதில் சொன்னால் போதாது. மாரெனின் வலது கையை எடுத்து ஆசகேலின் வலது கையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான், உப்பு ஜாடியைப் பக்கத்திலிருப்பவர் பக்கம் நகர்த்துகிற நேரம்கூட ஆகாது. பதினாறு வருஷமாக அவள் அந்த மேஜையில் எத்தனை ஆயிரம் தடவை உப்பு ஜாடியை நகர்த்தியிருப்பாள், ஒரு தடவையாவது கை கூசியிருக்கிறதா, இல்லையே. இப்போது மட்டும் என்னவாம். கையை மடக்கிப் பார்த்தாள், மடங்கியது. விரித்துப் பார்த்தாள், விரிந்தது. சொன்னபடி கேட்கிற கைதான், எதைச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. முன் பலகையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், இடப்பக்கம் கடிவாளத்தோடு ஆசகேல், நடுவில் தீர்சா, வலப்பக்கம் மாரென். முதல் நாள் காலையில் யார் எங்கே உட்காருவது என்று ஒருவரும் சொல்லவில்லை, ஆனால் தீர்சா ஏறியதும் நேரே நடுவில் போய் உட்கார்ந்தாள், ஒன்பது நாளாக அந்த நடுவை விட்டு அசையவில்லை. இழுக்கிற இரண்டு கோவேறு கழுதைகளில் ஒன்றுக்கு யோனா என்று பெயர், வேதாகமத்து யோனாவைப் போலப் போகச் சொன்ன ஊருக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடிப்பதால். அதுகூட இந்தப் பயணத்தில் ஒரு நாளும் முரண்டு பண்ணவில்லை, பார்த்தீர்களா, வேண்டாத நேரத்தில் எல்லாமே ஒழுங்காக நடக்கும். பின்னால் கயிற்றில் பசு நடந்து வந்தது. வண்டியின் அடியில் பால் ஏடு நிரப்பி மூடிய தகரவாளி தொங்கியது. காலையில் கட்டிவிட்டால் போதும், வண்டி குலுங்குகிற குலுக்கலில் சாயங்காலத்துக்குள் தானே வெண்ணெய் ஆகிவிடும், யாரும் உட்கார்ந்து கடைய வேண்டாம். சளக், சளக், சளக். அந்தச் சத்தத்துக்குள் தீர்சாவின் கண் செருகியது. வெயில் தேன்நிறமாக இருந்தது. தூரத்தில் சிவப்பு மலைகள் தண்ணீரில் மிதப்பது போல் அடியில்லாமல் நின்றன. மாரெனின் தோள் அவள் தோளில் இடித்தது, ஆசகேலின் முழங்கை அவள் விலாவில் இடித்தது, இரண்டு பக்கமும் கதகதப்பாக இருந்தது. இப்படியே போய்க்கொண்டே இருந்தால், ஆலயம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கிக்கொண்டே போனால், எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். யாரும் எங்கும் இறங்க வேண்டாம்.

சளக், சளக். யானை மாதிரி ஒரு பொய். இல்லை, பொய் சின்னதுதான், ஒரே ஒரு வாக்கியம், மார்ச் மாதம் பெண்கள் சங்கத்தில் ஒட்டுத்துணிப் போர்வை தைக்கிற நாளில். பத்துப் பெண்கள் போர்வையை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஓபேத் கிழவரின் முதல் மனைவி பிலேனா, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, பருப்புக்குத் தண்ணீர் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரு மாரெனைக் கேக்கலாம்னு இருக்காரு. ஞாயித்துக்கிழமை பிஷப்கிட்டப் பேசப் போறாரு." ஓபேத்துக்கு வயது அறுபத்திரண்டு, வீட்டில் ஏற்கெனவே மூன்று மனைவிகள். தீர்சாவின் வீட்டில் தங்கியிருந்த மாரெனுக்குப் பத்தொன்பது. அந்தச் சமயத்தில் மாரென் கிணற்றடியில் எல்லோருக்குமாகத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள், ஜன்னல் வழியே அவள் முதுகு தெரிந்தது. தீர்சா யோசிக்கவே இல்லை. வாய் தானாகத் திறந்தது. "அவளை எங்க வீட்டுக்காரருக்குன்னு முடிவு பண்ணியாச்சே சகோதரி." ஊசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. யாராவது சந்தேகப்பட்டிருக்கலாம், ஒருத்தியாவது நிஜமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஊரில், தங்களைக் கடைசி நாட்களின் பரிசுத்தவான்கள் என்று சொல்லிக்கொண்ட, வெளியூர்க்காரர்கள் மார்மன்கள் என்று அழைத்த அந்த ஜனங்களுக்கு நடுவில், எந்த மனைவியும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லாத பொய் அது. ஒரு பெண் இதைச் சொல்லும் முன் எத்தனை ராத்திரி அழுதிருப்பாள் என்று அங்கிருந்த பத்துப் பேருக்கும் தெரியும். அதனால்தான் நம்பினார்கள். பிலேனா எழுந்து வந்து தீர்சாவின் நெற்றியில் முத்தமிட்டாள். அவளுக்கு உள்ளூர நிம்மதியாகக்கூட இருந்திருக்கும், நாலாவது ஒருத்திக்கு அடுப்பில் இடம் ஒதுக்க வேண்டாமே. அவ்வளவு லகுவாக அந்தப் பொய் மெய்யாகிவிட்டது.

அவள் போட்ட கணக்கு வேறு. கிழவர் வேறு யாரையாவது பார்க்கும்வரை மூன்று மாதம், நான்கு மாதம் இழுத்துவிட்டு, ஒத்துவரவில்லை என்று மெல்லக் கைகழுவிவிடலாம். வீட்டுக்குப் போனதும் ஆசகேலிடம் நடந்ததைச் சொல்லிவிடுவது, அவன் சிரிப்பான், அட பைத்தியமே என்பான், இரண்டு பேரும் சேர்ந்து சமாளிப்பது. அப்படித்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டே நடந்தாள், சிரிப்புகூட வந்தது. ஆசகேல் கொட்டகையில் உட்கார்ந்து சேணத்து வார் ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தான். குத்தூசியால் தோலில் துளை, மெழுகு நூல் இந்தப் பக்கமிருந்து, அந்தப் பக்கமிருந்து, இரண்டு கையாலும் ஒரு இழுப்பு. அவள் கதவில் சாய்ந்துகொண்டு வேண்டுமென்றே பாதியை மட்டும் சொன்னாள். "இன்னிக்குச் சங்கத்துல மாரெனை உங்களுக்குன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்." அவன் முகம் போகிற போக்கைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லலாம் என்று இருந்தாள். அவன் நிமிரவில்லை. துளை, நூல், இழுப்பு. ஒன்று. துளை, நூல், இழுப்பு. இரண்டு. எதற்கு எண்ணினாள் என்று இன்றுவரை தெரியாது. மூன்று. ஏன் என்று கேட்பான், இப்போது கேட்பான். நாலு. "உன் இஷ்டம் அதுன்னா சரி" என்றான் ஆசகேல். அவ்வளவுதான். மீதிப் பேச்சு அவள் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஏழு மாதமாக அங்கேயே நிற்கிறது.

அந்த நாலு தையலை அவள் எத்தனை விதமாகப் பிரித்துப் பார்த்துவிட்டாள். முதல் தையலில் அவன் அதிர்ந்து போயிருக்கலாம், பேச்சு வராமல் இருந்திருக்கலாம். இரண்டாவதில், பாவம், இவளுக்குப் பிள்ளை நிலைக்கவில்லை, வீட்டில் ஒரு குழந்தைச் சத்தம் கேட்கட்டும் என்று நினைக்கிறாள் போல என்று இரக்கப்பட்டிருக்கலாம். மூன்றாவதில் தேவனுடைய சித்தம் என்று எண்ணியிருக்கலாம், ஆசகேல் அப்படிப்பட்டவன்தான், ஆலங்கட்டி மழைக்கும் நன்றி சொல்லுவான். ஆனால் நாலாவது? நாலாவது தையல் எதற்கு? அங்கேதான் ஒவ்வொரு தடவையும் அவள் மனசு முள்வேலியில் பாவாடை மாட்டியது போல மாட்டிக்கொண்டு நிற்கும். கிளம்புவதற்கு முந்தின நாள் அவன் தாடியைச் சீர் செய்துகொண்டான். பூட்ஸுக்குக் கறுப்பு தேய்த்தான். அவளைக் கட்டிக்கொள்ள வந்த அன்று அவன் பூட்ஸில் கணுக்கால் வரை சேறு இருந்தது, நேரே வாய்க்கால் வெட்டிவிட்டு வந்திருந்தான். அந்தச் சேற்றை நினைத்து அவள் பதினாறு வருஷம் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தச் சேற்றின் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. சேறில்லாத பூட்ஸைப் பார்த்ததும் அழுகை வந்தது, அடுப்புப் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

பெருமையும் இல்லாமல் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வாரம் முழுக்க ஊர்ப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆப்பிள் பணியாரம், தேன் ஜாடி, ஒருத்தி இரண்டு முழம் லேஸ். சாராளின் பிரமாணத்தை நிறைவேற்றினாயே என்றார்கள். ஆபிரகாமின் மனைவி சாராள் தன் அடிமைப்பெண் ஆகாரைத் தானே கணவனுக்குக் கொடுத்தாள் அல்லவா, அதனால் முதல் மனைவி கைபிடித்துக் கொடுப்பதற்கு அப்படி ஒரு பெயர். தீர்சா தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கி வைத்தாள். வெட்கமாக இருந்தது, தித்திப்பாகவும் இருந்தது. பிஷப், அவரும் அவர்களைப் போலக் கோதுமை விளைவிக்கிற குடியானவர்தான், சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதினார், பதில் கடிதம் வந்தது, அனுமதி கிடைத்தது, அந்தக் காகிதம் இப்போது ஆசகேலின் கோட்டு உள்பையில் இருக்கிறது, அவன் கடிவாளத்தை இழுக்கும்போதெல்லாம் மொரமொரக்கிறது. அனுமதி வந்த பிறகு இல்லை என்று சொல்லுகிற மனைவிக்கு பல மனைவியரைக் கட்டச் சொன்ன அந்தத் தேவ வெளிப்பாட்டிலேயே வழி வைத்திருக்கிறது. பாவம் அவள் தலையில் விழும், கணவன் அவளைத் தாண்டிப் போகலாம். தாண்டி. அந்த வார்த்தையைப் பிரசங்கத்தில் கேட்கும்போது எப்போதும் வாய்க்கால்தான் அவள் நினைவுக்கு வரும், தாண்டிக் குதிக்கிற அளவுக்குத்தான் அது அகலம். சாராளின் கதையிலும் பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கொடுத்தாள், கொடுத்தாள் என்கிறார்களே, அப்புறம் அந்த ஆகாரை அவள் என்ன பாடு படுத்தினாள், வயிற்றுப்பிள்ளையோடு வனாந்தரத்துக்கு ஓட வைத்தாளே, அதை யார் சொல்லுகிறார்கள்? அந்தச் சாராளும் முதலில் நல்லவளாகத்தான் இருந்திருப்பாள்.

தூக்கம் வந்து கண்ணை மூடியது. மேடை தெரிந்தது, ஆனால் அது மாவு பிசைகிற தொட்டியாக இருந்தது. பெரியவர் கேட்டார், அவருக்குப் பிலேனாவின் குரல். தீர்சா மாரெனின் கையை எடுத்தாள், அது ஈரமாவாக இருந்தது, இளஞ்சூடாக, புளித்துப் பொங்கிக்கொண்டு. ஆசகேலின் கையில் வைக்கப் போனால் அவள் விரலை விட்டு வரவில்லை. உதறினாள், இன்னும் ஒட்டியது, இரண்டு கையிலும் ஒட்டியது. வண்டி ஒரு கல்லில் ஏறி இறங்க விழித்தாள். மாரெனின் தலை அவள் தோளில் சாய்ந்திருந்தது, பெண் வாயை லேசாகத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் வெயில் பட்டுத் தோல் உரிந்திருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன் டென்மார்க்கிலிருந்து வந்தவள், வழியில் அம்மாவைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு மூட்டையோடு பிஷப் வீட்டு வாசலில் நின்றவள். ஒரு வார்த்தை பாஷை தெரியாது. தீர்சாதான் கூட்டிவந்தாள், தீர்சாதான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தாள். அதன் பலன், பெண் பேசினாலே நியாயப்பிரமாணம் படிப்பது போல இருக்கும், கோழிக்குத் தீனி போட்டாயா என்றால் ஆம், நான் அவைகளுக்கு இரை கொடுத்தேன் என்பாள். ஊரே சிரிக்கும், தீர்சா மட்டும் திருத்த மாட்டாள். மாரென் காய்ச்சலில் கிடந்த பதினோரு நாள் அந்தச் சூட்டுக் கை தீர்சாவின் கையை விட்டதே இல்லை. வேலியோரம் தீர்சாவின் பிள்ளைகளைப் புதைத்த இரண்டு சின்ன மேடுகள் இருக்கின்றன, ஒன்று பெயர் வைப்பதற்குள் போனது, இன்னொன்று இரண்டு வயதில் போனது. அது இருந்தால் இப்போது பன்னிரண்டு. மாரென் ஞாயிற்றுக்கிழமைகளில் யாரும் சொல்லாமலே அந்த மேடுகளில் புல் பிடுங்குவாள். இந்தப் பெண் மேல் அவளுக்கு உயிர். இந்தப் பெண்ணை இனிமேல் அவள் எப்படிப் பார்ப்பாள்? ஆசகேல் எந்த அறையில் படுக்கிறான் என்று ராத்திரி சுவரில் காது வைத்திருந்துவிட்டு எப்படிக் காலையில் இவளுக்குத் தலை பின்னிவிடுவாள்?

ஒன்று கேட்கிறேன் பதில் சொல்லு தீர்சா, என்று அவளே அவளைக் கேட்டுக்கொண்டாள். கையை வைக்க மாட்டேன் என்று நாளை மறுநாள் நீ சொன்னால் யாருக்காகச் சொல்லுவாய்? இந்தப் பெண்ணுக்காகவா, உனக்காகவா? பொறாமை வந்தால் நேரே பொறாமை என்று சொல்லிக்கொண்டு வராது, நல்ல துணி உடுத்திக்கொண்டுதான் வரும். போர்வைச் சட்டத்துக்கு முன்னால் இவளைக் காப்பாற்றுகிறேன் என்று சொன்னபோதும் உனக்காகத்தானே சொன்னாய், இவளை விட்டு இருக்க முடியாமல்தானே? இந்த இடத்தில் மறுபடி முள்வேலி. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. பாதை மேட்டில் ஏறத் தொடங்கியது. கழுதைகள் மூச்சு வாங்கின. "பாரம் ஜாஸ்தி, நான் இறங்கி நடக்கறேன்" என்று ஆசகேல் கடிவாளத்தோடு குதித்து யோனாவின் பக்கமாக நடந்தான். "மேட்டுக்கு அந்தாண்ட ஊத்து இருக்கு. அங்க நிறுத்திக்கலாம்." பலகையில் அவன் இருந்த இடம் காலியாக இருந்தது. மூன்று அடி இடம். அவள் நகரவில்லை.

ஊற்று. வனாந்தரத்தில் ஓர் ஊற்று. ஆகார் ஓடிப்போய் உட்கார்ந்ததும் ஒரு நீரூற்றின் அருகில்தானே. அங்கே தூதன் வந்து முதலில் என்ன செய்தான்? கட்டளை அப்புறம், வாக்குத்தத்தம் அப்புறம். முதலில் கேட்டான். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று அவளைக் கேட்டான். அதுவரைக்கும் அந்தக் கதையில் யாராவது ஆகாரிடம் எதையாவது கேட்டார்களா? தீர்சா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிஷப் தன்னைக் கேட்டார், மனப்பூர்வமான சம்மதம்தானா என்று. ஆசகேலைக் கேட்டார். அந்தப் பெரியவரும் தன்னைத்தான் கேட்கப் போகிறார். பிலேனா, லேஸ் கொண்டுவந்தவள், தேன் கொண்டுவந்தவள், எல்லோரும் உனக்குச் சம்மதமா உனக்குச் சம்மதமா என்று தீர்சாவைத்தான் கேட்டார்கள். ஏழு மாதத்தில் ஒருத்தரும், ஒருத்தரும் மாரெனைக் கேட்கவில்லை. தானும் கேட்கவில்லை. மார்ச்சில் அந்தத் தையல் நாளில் கிணற்றிலிருந்து தண்ணீரோடு வந்தவளிடம் யாரோ விஷயத்தைச் சொல்ல, அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தீர்சாவின் முகத்தைப் பார்த்தாள், தீர்சா தலையை ஆட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. "மாரென்" என்று தோளைத் தொட்டு எழுப்பினாள். "மாரென், உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். உனக்கு இதுல இஷ்டமா?" பெண் கண்ணைக் கசக்கினாள். எதில் என்று கேட்கவில்லை.

"என்னை ஒருவரும் இதைக் கேட்டதில்லை, சகோதரி" என்றாள். "நீங்கள் விரும்புகிறீர்கள் என்றார்கள். நீங்கள் விரும்பினால் நான் இருக்கிறேன் என்று இருந்தேன்." தீர்சா சொன்னாள், "நான் விரும்பினது இருக்கட்டும். இப்ப உன்னைத்தான் கேக்கறேன்." மாரென் தன் பாவாடை மடிப்பை நீவினாள், மறுபடி நீவினாள். "நான் ஓபேத் ஐயாவின் வீட்டுக்கு ரொட்டி கொண்டுபோவேன் அல்லவா? அங்கே மூன்று அம்மாக்களில் இருவர் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள். ஒருவருக்கு உப்பு வேண்டுமானால் குழந்தையை அழைத்து, உன் பெரியம்மாவிடம் உப்பு கேள் என்கிறார்கள். பெரியம்மா பக்கத்தில்தான் நிற்கிறார்கள். முன்பு அவர்கள் சிநேகிதிகளாக இருந்தார்களாம். நாமும் அப்படி ஆவோமா?" தீர்சா அவள் பக்கம் திரும்பினாள். "எனக்கு விவாகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை" என்றாள் பெண். "உங்கள் புருஷன் எனக்கு வேண்டாம். நீங்கள் எனக்கு வேண்டும். அந்த ஆலயத்தில் பெற்றோர் இல்லாதவர்களைப் பிள்ளைகளாகவும் சேர்த்துக் கட்டுகிறார்களாம், கப்பலில் வந்த ஒருத்தி அப்படிச் சேர்ந்தாளாம். கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கப் பயந்தேன்." கீழே வாளியின் சத்தம் மாறியிருந்தது. சளக் போய்த் தொப், தொப் என்று கேட்டது, வெண்ணெய் திரண்டுவிட்டது. பிள்ளையாக. அந்த மேடை, அந்தப் பெரியவர், அதே மண்டியிடல், கேள்வி மட்டும் வேறு. எத்தனை நாள் எத்தனை வழி சுற்றி வந்தாள், இது ஏன் தோன்றவில்லை? ஒரு பொய்யைக் காப்பாற்றுவதிலேயே புத்தி முழுவதும் செலவாகிவிட்டது, அதுதான். யாருக்காக மறுக்கிறாய் என்ற கேள்வி இன்னும் அங்கேயே இருந்தது. இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். எனக்காகவும்தான், அதனால் என்ன? தீர்சா தன் வலது கையால் மாரெனின் வலது கையை எடுத்துக்கொண்டாள். காய்ச்சல் நாளில் இருந்தது போலவே சூடாக இருந்தது. கை சொன்னபடி கேட்டது.

மேட்டுக்கு அந்தப் பக்கம் நாலைந்து மரங்கள், பாறைக்கடியில் ஊற்று. ஆசகேல் கழுதைகளை நிறுத்தினான், சக்கரத்துக்குக் கல் வைத்தான், பிறகு ஒன்பது நாளாகச் செய்வது போல வண்டியோரம் வந்து இறக்கிவிட வலது கையை நீட்டினான். முதலில் அவள், பிறகு பெண், அதுதான் வழக்கம். வெயிலில் அவன் முகம் களைத்திருந்தது, தாடியில் சிவப்புத் தூசி படிந்திருந்தது, அவள் நேசித்த முகம். அவன் கை நீண்டிருந்தது, அவள் கையில் மாரெனின் கை இருந்தது. மூன்று கையும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. மேடையும் துணியும் பெரியவரும் மட்டும்தான் இல்லை. "ஆசகேல்" என்றாள். தொண்டையில் ஏழு மாதமாக நின்றது நகர்ந்தது. "அன்னிக்கு நான் சங்கத்துல சொன்னது பொய். ஓபேத் இவளைக் கேக்கப் போறார்னு பிலேனா சொன்னா. காப்பாத்தணும்னு வாயில வந்ததைச் சொல்லிட்டேன். எனக்கு அந்த எண்ணமே இல்லை." சொல்லியாகிவிட்டது. மாரெனின் விரல்கள் இறுகின. இப்போது அதிர்ந்து போவான், கோபப்படுவான், அதற்குத் தயாராக இருந்தாள்.

ஆசகேல் அதிரவில்லை. "தெரியும்" என்றான்.

அவளுக்குப் புரியவில்லை. "என்ன தெரியும்?" என்றாள். அவன் அவளைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னான். "ஓபேத்து முந்தின நாளே வேலிக்கிட்ட வந்து எங்கிட்ட இவளைக் கேட்டாரு. யோசிச்சுச் சொல்றேன்னேன். நீ வந்து அப்படிச் சொன்னதுமே ஏன் சொல்லியிருக்கேன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு." பறவைச் சத்தம் எங்கோ கேட்டது. பசு தண்ணீர் வாசனைக்குக் கயிற்றை இழுத்தது. அப்படியானால் அந்தக் கொட்டகையில் அவன் எல்லாம் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருந்தான். துளை, நூல், இழுப்பு. "தெரிஞ்சும் ஏன் சரின்னீங்க?" என்று கேட்டாள் தீர்சா. "உன்னை ஊர் முன்னால பொய்க்காரியா நிறுத்தச் சொல்றியா?" என்றான் அவன், மெதுவாகத்தான் சொன்னான், பாசமாகக்கூடச் சொன்னான். அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. முதல் மூன்று தையலும் அதற்குத்தான். அவன் அப்படிப்பட்டவன்தான்.

"அதுக்கு மட்டுந்தானா?" என்றாள்.

அவன் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. உள்பையில் காகிதம் மொரமொரத்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், நகத்தோரம் மெழுகு நூல் அறுத்த கோடுகள், பதினாறு வருஷமாக அவளை எல்லா வண்டியிலிருந்தும் இறக்கிவிட்ட கை. அவன் உதடு அசையவில்லை. ஒன்று. யோனா தரையை உதைத்தது. இரண்டு. மாரென் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மூன்று.

நாலாவதற்கு அவள் காத்திருக்கவில்லை. "நாளை மறுநாள் அவங்க என்னைக் கேக்கறப்ப நான் இவ கையைக் குடுக்க மாட்டேன் ஆசகேல். மகளாக் கூட்டிட்டுப் போறதுன்னா ஆலயத்துக்குள்ள வாங்க. இல்லைன்னா வண்டியை இங்கேயே திருப்புங்க" என்றாள். பெண்ணின் கையை விடாமல் பலகையில் மறுபக்கம் நகர்ந்தாள். அந்தப் பக்கம் பள்ளம், இறக்கிவிட ஆள் இல்லை, சக்கரம் இடுப்பளவு உயரம். இருவரும் சேர்ந்து குதித்தார்கள்.